சூரியன் வரைந்த பொட்டலம்

அக்கா,

இன்று காலை அரியாங்குப்பம் ஆஸ்பத்திரியில் ஒரு நர்சுப் பெண் என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்ததும் குழி விழுந்திருந்தது. அது எழும்பவே இல்லை. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி அப்படியே நின்றது. டாக்டர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் கால் மாதிரி இல்லை. உன் கால் மாதிரி இருந்தது.

"இருதயம் கொஞ்சம் சோர்ந்துபோச்சு பெரியவரே. தண்ணியத் தள்ள முடியாம கால்ல தேங்குது. காலையில ஒரு மாத்திரை போடுங்க. அடிக்கடி ஒண்ணுக்கு வரும், பயந்துக்காதீங்க" என்றார் டாக்டர்.

மருந்து கொடுக்கிற இடத்தில் அட்டையை வாங்கி, அங்கேயே ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சின்ன வெள்ளை வட்டம், நடுவில் ஒரு கோடு. அட்டையின் மேல் இருந்த பேரை அந்தப் பெண் 'ஃப்ரூசமைடு' என்று படித்தாள். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்த மாத்திரையைத் தெரியும். நம் வீட்டில் அதற்கு நீர் மாத்திரை என்று பேர்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் உன் மகள். வேறு யாரிடமாவது சொல்லி எழுதியிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பையன் போனிலேயே எழுதித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். இது அவள் காதில் விழ வேண்டும். நேரே முகத்தைப் பார்த்துச் சொல்ல இத்தனை வருஷமாக எனக்கு வாய் வரவில்லை. உனக்குச் சொல்கிற மாதிரி சொன்னால் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

படிக்காதவனுக்கு நோட்டு, புத்தகம் எல்லாம் தலைக்குள்தான். ஒன்றும் அழியவில்லை. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்சன் வாங்கிய ஒரு சொல்தாவின் வீட்டு மதிலை ஒட்டி நீ தகரம் போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். அத்தான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இவள் இரண்டாம் வகுப்பு. நான் ஆலையில் பதிலி. யாராவது வராத நாளில் கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். உன் கரிப்பெட்டியின் சூட்டில்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

உனக்கு இருதயத்தில் வால்வு சுருங்கிப்போயிருந்தது. சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சலின் மிச்சம் என்று சொன்னார்கள். தலைக்கு மூன்று தலையணை வைத்துத்தான் படுப்பாய். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவளுக்குச் சாயங்காலம் கால் செருப்புக்குள் நுழையாது. டிஸ்பென்சரியில் கொடுத்த அந்த வெள்ளை மாத்திரைதான் உன்னை நிற்க வைத்தது.

அப்போது அட்டை கிடையாது. டப்பாவிலிருந்து எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். நம் மாதிரி ஆட்களுக்கு அந்தக் கம்பவுண்டர் பொட்டலத்தின் மேல் பேனாவால் படம் போட்டுத் தருவார். ஒரு வட்டம், சுற்றிலும் கோடு. சூரியன் என்றால் காலையில் போடுவது. பிறை போட்டிருந்தால் ராத்திரிக்கு. உன் நீர் மாத்திரைப் பொட்டலத்தில் சூரியன். அதை மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பாய்.

"இத்தப் போட்டா அரை மணியில ஓடணும்டா தம்பி. சொல்தா கக்கூஸ் கட்டினது அவருக்கு இல்ல, எனக்குத்தான்" என்று சொல்லிச் சிரிப்பாய். ஒரு நாளைக்கு நாலு தரம் அவர் வீட்டுப் பின்கதவைத் தட்டுவாய். அவரும் பெரிய வீட்டு அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி "வாங்க மதாம்" என்று தலையைக் குனிந்து கதவைத் திறந்துவிடுவார். உனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நான் எடை தூக்கிக்கொண்டிருந்தேன். படிப்பு இல்லை, உடம்பு இருந்தது. ஆலையில் எடை தூக்குகிறவர்களுக்கு ஒரு குழு உண்டு. அந்த வருஷப் போட்டியில் அறுபது கிலோ பிரிவில் முதல் இடம் வருகிற ஆளை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். நீ அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மட்டும் தினமும் ஒரு முட்டை. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது தராசில் ஏறி நின்றால் அறுபத்திரண்டு. பட்டினி கிடந்து பார்த்தேன், போர்வையைப் போர்த்திக்கொண்டு வெயிலில் ஓடிப் பார்த்தேன். குறையவில்லை. அறுபதுக்கு மேல் ஒரு கைப்பிடி இருந்தாலும் அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே என்னைவிடப் பெரிய ஆட்கள்.

கூடத் தூக்குகிறவன் ஒருத்தன், நோணாங்குப்பத்துக்காரன், காதோடு சொன்னான்: "உங்கக்கா கால் வீக்கத்துக்கு ஒண்ணு போடுதே, அத்த ரெண்டு போடு. சதையும் போவாது, பலமும் போவாது. வெறும் தண்ணிதான் போவும். தராசுல நின்னுட்டு எறங்கி மறுபடியும் குடிச்சிக்க. எல்லாரும் செய்யறதுதான்டா."

கடையில் போய்க் கேட்க எனக்கு அந்த மாத்திரையின் பேர் தெரியாது. எழுதிக் கொடுக்க டாக்டர் இல்லை. தெரிந்ததெல்லாம் சூரியன் போட்ட பொட்டலம் ஒன்றுதான்.

அப்போது எனக்குள் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். மாத்திரை கால் வீக்கத்துக்குத்தானே, ஒரு வாரம் கால் வீங்கினால் என்ன, நிரந்தரம் ஆனதும் நீ இஸ்திரியே போட வேண்டாமே என்று. அது இருதயத்துக்கான மருந்து என்று எனக்குத் தெரியாது என்றுகூட இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய், அக்கா. மூன்று தலையணையை நான் தினமும் பார்த்தேன். மாத்திரை தீர்ந்துபோன ஒரு வாரத்தில் நீ உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்ததையும் பார்த்திருக்கிறேன். தெரியாமல் செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை டிஸ்பென்சரி வரிசையில் நின்று, மூக்கை உறிஞ்சிக் காட்டி, சளி என்று சொன்னேன். கம்பவுண்டர் சளி மாத்திரை எண்ணிக் கொடுத்தார். அதுவும் சின்ன வெள்ளை வட்டம், நடுவில் கோடு. நீர் மாத்திரை மாதிரியே ஒன்று கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போயிருந்தேன். சாயங்காலம் நீ துணி கொடுக்கப் போயிருந்தபோது மாதா படத்துக்குப் பின்னாலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். எட்டு இருந்தது. எட்டையும் எடுத்துக்கொண்டு சளி மாத்திரை எட்டை வைத்து, உன் மடிப்பிலேயே மடித்துச் சொருகினேன். மாதாவின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் இதைச் செய்தேன் என்பதையும் எழுதச் சொல்கிறேன். பிறகு நேராகத் திருப்பி வைத்தேன்.

(இந்த இடத்தில் உன் மகளின் பேனா நின்றது. "எழுதும்மா" என்றேன்.)

புதனிலிருந்து தினமும் இரண்டு போட்டேன். நாக்கு தோல் செருப்பு மாதிரி ஆனது. படுத்தால் தொடை முறுக்கிக்கொண்டது. நெஞ்சு ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்ததை மறந்த மாதிரி அடித்தது. பயமாக இருந்தது. ஆனால் தராசு முள் கீழே வந்தது.

நீ அந்த நாட்களில் தூங்கி வழிந்தாய். சளி மாத்திரை அப்படித்தான் செய்யும் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். வெள்ளிக்கிழமை, நாலு வீடு தள்ளி இருந்த ஒரு பணக்கார மதாம் வீட்டுப் பெண்ணின் புதுநன்மை உடுப்பு உன் பலகையில் இருந்தது. வெள்ளை, கை முழுக்க லேஸ் பின்னல். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அந்தக் குழந்தை முதல் முதலாக நன்மை அப்பம் வாங்க வேண்டிய உடுப்பு. நின்றபடியே நீ கண் அசந்துவிட்டாய். பெட்டி அதன் மேல் நின்றது. நான் வந்தபோது மார்புப் பக்கம் பெட்டியின் வடிவத்திலேயே காய்ந்த வெற்றிலை நிறத்தில் ஒரு தழும்பு.

"எனக்கு இன்னாடா ஆச்சு? பதினஞ்சு வருசமா ஒரு கைக்குட்டையக்கூடத் தீச்சதில்லியே நான்" என்று கேட்டாய். உன் முகம் அப்போதே உப்பியிருந்தது. நான் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். நீ அந்த உடுப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தனியாகப் போய் மதாம் முன்னால் நின்றாய். அவர்கள் திட்டவில்லையாம். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து துணி வரவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தராசில் அறுபதுக்குக் கீழே நின்றேன். இறங்கி, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்தேன். மத்தியானம் முதல் இடம். மேனேஜர் கை கொடுத்தார். இப்போதெல்லாம் மூத்திரத்தைப் பிடித்துப் பரிசோதிப்பார்களாம். இந்த மாத்திரை போட்டவனைப் போட்டியை விட்டே தள்ளி வைப்பார்களாம். எடை குறைக்க மட்டும் இல்லை, வேறு திருட்டு மருந்து போட்டவர்களும் அது தெரியாமல் நீர்த்துப்போவதற்காக இதைப் போடுகிறார்களாம். பேப்பரில் வந்ததாக உன் பேரன் படித்துச் சொன்னான். "ஒரு மாத்திரைக்கு இம்மாந் தண்டனையா தாத்தா?" என்று கேட்டான். அப்போது எங்களை யாரும் பரிசோதிக்கவில்லை. என்னைப் பிடித்தது ஒரே ஒரு ஆள்தான்.

சாயங்காலம் மெடலோடு வந்தேன். நீ பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு இழுத்தாய். ஆனாலும் மெடலை வாங்கி, தகரக் கொட்டகையில் போகிற வருகிறவர்கள் பார்க்கிற ஆணியில் மாட்டினாய். "எந்தம்பி" என்று சொன்னாய். அதற்குமேல் சொல்ல மூச்சு இல்லை.

திங்கட்கிழமை என்னை அழைத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குச் சண்டைக்குப் போனாய்.

"இன்னா மாத்திரை குடுத்த நீ? ஆறு நாளா ஒரு சொட்டு சரியாப் போவல. காலப் பாரு, பூசணிக்கா மாதிரி. ஏழைங்கன்னா சுண்ணாம்ப உருட்டிக் குடுத்துடுவியா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பவுண்டர் கோபப்படவில்லை. "எம்மா, மெதுவாப் பேசு, மூச்சு வாங்குது பாரு. பொட்டலத்தக் குடு" என்று வாங்கினார். மிச்சம் இரண்டு இருந்தது. கையில் கொட்டி, நகத்தால் சுரண்டி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"இது நான் குடுத்தது இல்லம்மா. இது சளி மாத்திரை."

"சூரியன் போட்டிருக்குதே? நீ போட்ட சூரியன்தானே?"

"சூரியன் என்னுதுதான். உள்ள இருக்கறது என்னுது இல்ல. இந்த மாத்திரை போன செவ்வாக்கிழம நான்..."

அதோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததும் நீயும் பார்த்தாய். என் உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. நீ அந்த உதட்டைப் பார்த்தாய், அக்கா. எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கம்பவுண்டர் வாயைத் திறந்தார். நீ அவருக்கு முன்னால் பேசிவிட்டாய்.

"நாந்தான். வீட்டுல ரெண்டு பொட்டலமும் ஒண்ணா இருந்துச்சு. மாத்திப் போட்டுட்டேன் போல."

"நீயா?"

"நாந்தான்னு சொல்றேன்ல. உம்மேல தப்பு இல்ல சார். ஏதோ வாய்க்கு வந்ததப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காத."

அத்தனை பேர் முன்னால் அவரைப் பார்த்துக் கும்பிட்டாய். கும்பிட வேண்டிய என் கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும், நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் மேனேஜரைப் பார்க்கப் போக வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் எழுதச் சொல்கிறேன்.

அங்கேயே நீ உட்கார்ந்துவிட்டாய். கம்பவுண்டர்தான் ரிக்ஷா பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது என்றார்கள். அதே மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். பன்னிரண்டு நாள். எவ்வளவு நீர் போகிறது என்று கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் அளந்து சொல்ல வேண்டும். அளந்தது நான். குவளை நிறைய நிறைய உன் மூச்சுத் திணறல் இறங்கியது. போன வாரம் இதே தண்ணீரைத்தான் நான் ஒரு தராசு முள்ளுக்காக வடித்தேன். நீ பக்கத்துக் கட்டில்காரியிடம், "எந்தம்பிதான் இத்தயெல்லாம் செய்யறான். மெடல் வாங்கின கை" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் குவளையைக் கழுவப் போய்விட்டு வெகு நேரம் கழித்து வந்தேன்.

வேலை நிரந்தரம் ஆனது. வீட்டுக்கு வந்த பிறகு நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் மாதா படத்துக்குப் பின்னால் பொட்டலம் இல்லை. உன் முந்தானை முடிச்சில் இருந்தது. இஸ்திரி போடும்போதும், பூசைக்குப் போகும்போதும், படுக்கும்போதும். உப்பளம் கல்லறைக்கு உன்னைக் கொண்டுபோகிற வரைக்கும், ஒன்பது வருஷம். திட்டியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும்.

அடுத்த வருஷம் போட்டி வந்தபோது, முதுகு வலி, நான் தூக்கவில்லை என்றேன். நீ பெட்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்தாய். தலை நிமிராமலே சொன்னாய்: "தூக்கேன்டா. மேல் எடையில தூக்கு. நல்லாச் சாப்டுட்டுத் தூக்கு."

நான் அப்புறம் தூக்கவே இல்லை.

அந்த ஆறு நாள் உன் ஆயுளில் எவ்வளவைத் தின்றது என்று எனக்குத் தெரியாது. கேட்டாலும் எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். முப்பது வருஷம் அந்த வேலையில் சாப்பிட்டேன். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு உன் குழியைச் சுத்தம் செய்து, மெழுகுவர்த்தி கொளுத்தி நின்றுவிட்டு, சொல்லாமலே வந்திருக்கிறேன். கம்பவுண்டரும் போய்விட்டார். அவரிடமும் சொல்லவில்லை.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அட்டையை என் வேட்டி முனையில் முடிந்துகொண்டேன். கை தானாகச் செய்தது. உன் மகள் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, அம்மா மாதிரியே முடிஞ்சுக்கிறீங்க? அலமாரியில வைக்கலாமே" என்றாள். அதனால்தான் நோட்டை எடுக்கச் சொன்னேன்.

இதுவரைக்கும் எழுதி முடித்துவிட்டு அவள் பேனாவை மூடி வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த வெள்ள கவுன் எனக்கு ஞாபகம் இருக்குது மாமா. அம்மா அழுதுச்சு" என்றாள். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். என் வேட்டி முடிச்சை அவளே அவிழ்த்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி என் கையில் வைத்தாள். மிச்சம் இருந்த அட்டையை அலமாரியில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தாள்.

"இங்கயே இருக்கட்டும். இந்த வீட்டுல யாரும் எடுக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் அதை ஆறுதலாகச் சொன்னாளா, வேறு மாதிரிச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. எது என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

மாத்திரையை விழுங்கினேன். நீ சொன்ன மாதிரியே அரை மணியில் எழுந்து ஓட வேண்டியிருந்தது. திரும்பி வந்து அலமாரியில் இருந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எடுத்து, வேட்டி முனையில் வைத்து, மறுபடியும் முடிந்துகொண்டேன்.

அட்டையில் சூரியன் இல்லை, அக்கா. அவள் பேனாவை மூடிய பிறகு நடந்த இதையும் எழுதித் தரச் சொல்லி அவளைத் திரும்பக் கூப்பிட்டபோது, ஒரு சூரியனையும் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டேன். முடிச்சை ஒரு தரம் பார்த்தாள். நான் அவிழ்த்து நீட்டியதும் பேனாவை எடுத்து, அட்டையின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டு, சுற்றிலும் கோடு போட்டுக் கொடுத்தாள்.